போலி லிம்பெட்டுக்கு ஒரு மெய்ப்பெயர்

புதுச்சேரி நகரின் வட எல்லையைக் கடந்தவுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்திருக்கும் கோட்டக்குப்பத்தில் தொடங்கி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவக் குப்பங்களைத் தாண்டி, மரக்காணத்து உப்பளங்கள் வரையில் வடக்கே நீண்டு செல்லும் கடலோரம் சுபாவத்தில் ஒரு மணற்கரையே ஆகும். கன்னியாகுமரியிலும் மாமல்லபுரத்திலும் காணப்படுவதைப் போன்ற இயற்கைப் பாறைகள் இங்கே கரையை ஆளவில்லை. ஆயினும் இன்று கோட்டக்குப்பத்துக் கரையில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் படுவது மணல் அன்று. அலையைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்து கொட்டப்பட்டிருக்கும் பெரும் கருங்கற்களே. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதியிலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாகவே நகர்ந்து வந்த மணல் துறைமுகத்தின் தென்பக்கத்தில் தேங்கிவிட்டது. வடபக்கத்துக் கரைகளோ, போன மணலுக்கு ஈடாக வேறு மணல் வந்து சேராமையால், ஆண்டுதோறும் கரைந்தன. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு அப்பால் அரிப்பு தொடங்கியது. அங்கேயும் கல் கொட்ட வேண்டியதாயிற்று. மணலைப் பிடித்து நிறுத்தக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்படும் கற்சுவராகிய தூண்டில் வளைவு வேண்டும் என்பது இக்கரை மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை.

மனிதனுடைய துயரத்தினால் உண்டான இந்தக் கற்குவியலை இயற்கையானது வேறொரு கண்கொண்டு பார்க்கிறது. மணலில் வேரூன்ற முடியாத, ஆனால் உறுதியான தளம் ஒன்று கிடைத்தால் போதும் என்று கடல் நீரில் நுண்ணிய இளம்பருவத்தில் மிதந்து திரியும் எண்ணிறந்த ஜீவராசிகளுக்கு, ஒவ்வொரு கருங்கல்லும் ஒரு புதிய தேசம். முதலில் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம் படிகிறது. அதன்பின், கல்லை விட்டு நகராத சிறு ஓட்டுயிரான கொட்டலசு ஒட்டுகிறது. பாசியை மேய்ந்து வாழும் நத்தைகள் அதையடுத்து வருகின்றன. இவை குடியேறும், கடலேற்றத்தின்போது நீரில் மூழ்கியும், வற்றத்தின்போது வெயிலில் காய்ந்தும் கிடக்கும் குறுகிய பட்டையையே உயிர்நூலார் ஓதவிடைப் பகுதி என்று குறிப்பிடுகிறார்கள். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 10 மீட்டருக்கும் மேலாகச் செல்லும்போது, நம்முடைய சோழமண்டலக் கரையில் அது பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. ஆகவே இங்கே அந்தப் பட்டை மிகவும் ஒடுங்கியது. ஒரு கல்லின் மேல்முனைக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையிலேயே ஒரு முழு உலகம் அடங்கிவிடுகிறது.

அந்த உலகத்தில் வாழ்வது எளிதன்று. நண்பகலில் கருங்கல் சுடும். கல்லின் குழிகளில் தேங்கிய நீர், மரக்காணத்துப் பாத்திகளில் சூரியன் செய்யும் அதே காரியத்துக்கு இங்கேயும் ஆட்பட்டு, நேரம் ஆக ஆக உப்பு மிகுந்துகொண்டே போகும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்தாலோ அதே குழி நன்னீராக மாறிவிடும். இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுப்பதோடு, ஓயாமல் மோதும் அலைக்கும் அசையாதிருக்க வேண்டும். இத்தனை இடர்களுக்கும் விடையாகச் சிருஷ்டியில் தோன்றிய மிக எளிய வடிவம் கூம்பு. சுருள் இல்லாத, தாழ்ந்த, அகன்ற அடியை உடைய ஓட்டைக் கவிழ்த்து, சதைப்பற்றான பாதத்தினால் கல்லைக் கவ்விக்கொண்டு வாழும் அத்தகைய கடல் நத்தைகளை ஆங்கிலத்தில் லிம்பெட் என்னும் பெயரால் அழைக்கிறார்கள். அலை அதன்மேல் வழுக்கிச் செல்கிறதே தவிர, பிடித்திழுக்க அதில் ஒரு பிடிமானமும் இல்லை.

நம் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான். கூம்பு வடிவம் இவ்வளவு பயனுடையதாக இருப்பதனால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல நத்தைக் குலங்கள் தனித்தனியே அந்த வடிவத்தை அடைந்திருக்கின்றன. அவற்றுள் ஒரு குலம் மெய் லிம்பெட்டுகள். இந்தியக் கரைகளில் சாதாரணமாகக் காணப்படும் செல்லானா ரேடியேட்டா அந்தக் குலத்தைச் சேர்ந்தது. மற்றொன்று சைபனேரியா என்ற பேரினத்தைத் தலைமையாகக் கொண்ட போலி லிம்பெட்டுகளின் குலம். இவ்விரண்டும் ஒரே கல்லில், ஒரு விரற்கடை இடைவெளியில், ஒரே பாசியை மேய்ந்துகொண்டிருக்கக் கூடும். பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுவார். ஆனால் மெய் லிம்பெட் செவுளால் நீரில் மூச்சுவிடும் கடற்பிராணி. போலி லிம்பெட்டோ நுரையீரல் போன்றதோர் அறையினால் காற்றையும் சுவாசிக்க வல்லது. வம்ச விருட்சத்தில் பார்த்தால், அது தன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெய் லிம்பெட்டைவிட, மழைக்காலத்தில் நம் வீட்டுத் தோட்டத்துச் சுவரில் ஊர்ந்து செல்லும் நத்தைக்கே நெருங்கிய உறவு.

உள்ளே நோக்கினால் இந்த வேற்றுமை தெளிவாகும். இறந்துபோன ஒரு லிம்பெட்டின் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால், தசை ஒட்டியிருந்த தழும்பு லாட வடிவில் தெரியும். மெய் லிம்பெட்டில் அந்த லாடத்தின் வாய் தலைப்பக்கம் மட்டுமே திறந்திருக்கும். சைபனேரியாவில் அதற்கு மேலும் வலப்பக்கத்தில் ஓரிடத்தில் தழும்பு அறுபட்டிருக்கும். அந்த இடைவெளியில் ஓட்டின் உட்புறத்தில் ஒரு பள்ளம் ஓடும். வெளிப்புறத்தில் அதற்கு நேராக ஓட்டின் விளிம்பு சற்றே புடைத்து நிற்கும். காற்றும் நீரும் உட்புகுந்து வெளியேறும் வாயில் அதுவே. பற்களிலும் இவ்வாறே. மெய் லிம்பெட்டின் நாவரம்பத்தில், அதாவது உணவைச் சுரண்டும் நாக்குப் போன்ற பட்டையில், உள்ள பற்கள் கோயதைட் என்னும் இரும்புக் கனிமத்தால் வலுப்பெற்றவை. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், இயற்கையில் அதுவரை சோதிக்கப்பட்ட உயிர்ப்பொருள்கள் எல்லாவற்றினும் இழுவலிமை மிகுந்தது அந்தப் பல்லே என்று கண்டார்கள். அது பாறையையே சுரண்டி உண்ணும். போலி லிம்பெட்டுக்கு அத்தகைய பல் இல்லை; சிறிய, மென்மையான பல பற்களின் வரிசைகளால் பாசியின் மேற்பகுதியை நறுக்கித் தின்பதோடு அது திருப்தியடைகிறது. இனவிருத்தியிலும் இரண்டுக்கும் பாதை வேறு. மெய் லிம்பெட்டுகள் முட்டையையும் விந்தையும் கடலில் கலந்துவிடுகின்றன. போலி லிம்பெட்டோ ஆணும் பெண்ணும் ஓருடலாய் அமைந்தது. மற்றொன்றோடு கூடி, கருவுற்ற முட்டைகளைப் பசை போன்ற பட்டையாகக் கல்லின்மேல் சுருட்டி வைக்கிறது.

போலி என்ற அடைமொழியைக் கண்டு இதனைத் தாழ்வாக எண்ணுவது பெரும் பிழை. கடுமையான சூழலுக்கு இது கற்றுவைத்திருக்கும் உபாயங்கள் மிகவும் வியக்கத்தக்கவை. தென்னாப்பிரிக்கக் கரையில் மார்ஷல், மக்வைட் என்ற இரு விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சிகளில், சைபனேரியா ஓக்குலஸ் என்ற இனம் நீர் வற்றிக் காற்றில் கிடக்கும் வேளையில் தன் உடலின் இயக்கத்தையே வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு, உயிர்ச்சக்தியைச் செலவிடாமல் காத்திருப்பதைக் கண்டு 1991-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன், 1989-இல், அதே இருவர் ஒரு மெய் லிம்பெட்டையும் ஒரு போலி லிம்பெட்டையும் மணலில் புதைந்துபோகும் நிலைக்கு உட்படுத்தி ஒப்பிட்டபோது, அந்நிலையைத் தாங்கும் ஆற்றல் போலி லிம்பெட்டுக்கே மிகுதி என்று கண்டார்கள். கல்லை மணல் ஒரு பருவத்தில் மூடுவதும் மறு பருவத்தில் விட்டு விலகுவதுமாக இருக்கும் கரைகளைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு இந்தச் செய்தியின் முக்கியத்துவம் விளங்கும். மேலும், இக்குலத்தில் சில இனங்கள் மேய்ச்சல் முடிந்ததும் தாம் விட்டுச்சென்ற பசைத்தடத்தைப் பற்றியே திரும்பி வந்து, கல்லில் தமக்கென்று உரியதான அதே இடத்தில், ஓட்டின் விளிம்பு கல்லின் மேடுபள்ளத்தோடு பொருந்துமாறு அமர்ந்துகொள்கின்றன. போலி லிம்பெட்டுகளின் உடலிலிருந்து டென்டிகுலாட்டின், பெக்டினாட்டோன் என்ற பெயர்களால் வழங்கும் அபூர்வமான ரசாயனப் பொருள்களை 1983-இல் வேதியியலார் பிரித்தெடுத்தார்கள். எதிரிகளிடமிருந்து காத்துக்கொள்ள உதவுபவை என்று கருதப்படும் இவற்றின் அமைப்பு, பின்னர் பல ஆய்வுக்கூடங்களில் செயற்கையாக ஆக்கிப் பார்க்கும் முயற்சிகளுக்குப் பொருளாயிற்று.

இத்தகைய ஒரு பிராணியில் புதிய இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லும்போது, அதன் பொருள் என்ன? இதுவரை எவர் கண்ணிலும் படாத ஒன்று திடீரென்று தோன்றிவிட்டது என்பதன்று. பெரும்பாலும், பலர் பார்த்த ஒன்றை, அது வேறொன்று என்று தவறாக எண்ணியிருந்த நிலை நீங்கியது என்பதே பொருள். இதற்கு இக்குலத்தின் சரித்திரமே சாட்சி. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் இடும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758-இல் பதிப்பித்த தம் மாபெரும் நூலில், இன்று சைபனேரியா என்று நாம் அறியும் நத்தைகளையும் மெய் லிம்பெட்டுகளுக்கு உரிய பட்டெல்லா என்ற பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். 1823-இல்தான் ஆங்கிலேயரான சவர்பி அவற்றைப் பிரித்து சைபனேரியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். அதற்குப் பின்வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிப்பி ஆராய்ச்சியாளர்கள் ஓட்டின் நிறத்தையும் வரியையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பெயர்மேல் பெயராகச் சூட்டிக் குவித்தார்கள். கராச்சிக் கரையின் பெயரைத் தாங்கிய சைபனேரியா கராச்சியென்சிஸ் 1856-இல் ரீவ் என்பவரால் வர்ணிக்கப்பட்டது. பம்பாய்க்கு அருகிலுள்ள வசாயின் பழைய பெயரைத் தாங்கிய சைபனேரியா பசீனென்சிஸ், மெல்வில் என்பவரால் 1893-இல் வர்ணிக்கப்பட்டது.

ஆனால் ஓடு நம்பத்தக்க சாட்சி அன்று. ஒரே இனத்தின் ஓடு, அலை மிகுந்த கல்லில் ஒருவிதமாகவும் அமைதியான குழியில் வேறுவிதமாகவும் வளரும், அலையால் தேயும், கொட்டலசும் பாசியும் படிந்து உருவை மறைக்கும். இதனை நன்கு உணர்ந்த ஸ்வீடன் நாட்டு ஹூபெண்டிக், 1946-இல் எழுதிய விரிவான ஆய்வில், முன்னோர் குவித்த பெயர்களில் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தொகையைக் குறைத்தார். பிரித்தவர்கள் அளவுக்கு மீறிப் பிரித்தார்கள் என்றால், சேர்த்தவரும் அளவுக்கு மீறிச் சேர்த்தாரோ என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் பரவியிருப்பதாகக் கருதப்பட்ட சைபனேரியா பெக்டினாட்டா என்ற ஒரே இனத்தை, மரபுக்கூறுகளைக் கொண்டு ஆராய்ந்த ஜிரிபெட்டும் கவாவுச்சியும், அது உண்மையில் மூன்று இனம் என்று 2016-இல் நிறுவினார்கள். ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் ஒட்டிய கரை ஒன்றுக்கு, கேப் வேர்டே தீவுகள் ஒன்றுக்கு, அமெரிக்காவின் ஃபிளாரிடாப் பக்கம் மற்றொன்றுக்கு. பிற்பட்ட இரண்டுக்கும் புதுப்பெயர் தேவைப்படவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டிருந்த பெயர்கள் அவற்றுக்கு மீண்டும் உயிர் பெற்றன. இந்து சமுத்திரத்துக்கும் மேற்குப் பசிபிக்குக்கும் இவ்வாறான பெரும்பணியைச் செய்தவர்கள் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸும் கோலரும். நூற்றுக்கும் மேற்பட்ட பழைய பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்து, மூல மாதிரிகளைத் தேடிப் பார்த்து, உடற்கூற்றையும் மரபுக்கூற்றையும் இணைத்து அவர்கள் 2024-இல் பிரசுரித்த ஆராய்ச்சியில், கண்ணெதிரே இருந்தும் அறியப்படாத புதிய இனங்கள் பல முதன்முறையாகப் பெயர் பெற்றன.

அவ்வாறு ஓர் இனத்தை வர்ணிக்கும் முறை எப்படிப்பட்டது என்பதைச் சாதாரண வாசகரும் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அதில் மந்திரம் ஒன்றுமில்லை, பொறுமையே இருக்கிறது. வேலை தொடங்குவது வற்றத்தின்போது கரையில். நத்தை கல்லின் எந்த உயரத்தில் இருக்கிறது, வெயில்படும் முகத்திலா நிழல்முகத்திலா, அலை நேராக மோதும் இடத்திலா ஒதுக்கத்திலா, அதனோடு வாழ்பவை எவை என்பனவெல்லாம் அங்கேயே குறிக்கப்பட வேண்டும். உயிரோடு இருக்கையில் அதன் பாதத்தின் நிறத்தையும் புள்ளிகளையும் படம்பிடிக்க வேண்டும். இறந்தபின் அவை மங்கிவிடும். பிறகு மெல்லிய தகடொன்றை நத்தை எதிர்பாராத கணத்தில் ஓட்டுக்கும் கல்லுக்கும் இடையே செலுத்தி எடுக்கிறார்கள். தொட்டு எச்சரித்துவிட்டால் அது கல்லை இறுகப் பற்றிக்கொள்ளும், அப்புறம் பலவந்தமாக எடுக்கப் பார்த்தால் ஓடு உடையும். எடுத்ததை உணர்விழக்கச் செய்து, செறிந்த சாராயத்தில் இடுகிறார்கள். மரபுப்பொருள் கெடாமலிருக்க அது அவசியம்.

அடுத்த கட்டம் ஆய்வுக்கூடத்தில். ஓட்டின் நீளம், அகலம், உயரம் அளக்கப்படுகின்றன; உச்சியிலிருந்து விளிம்புக்கு ஓடும் வரிகள் எண்ணப்படுகின்றன. உடலைப் பிரித்து, இனவிருத்தி உறுப்புக்களை உருப்பெருக்கியின் கீழ் வரைகிறார்கள். இக்குலத்தில் ஒரு நத்தை மற்றொன்றுக்கு விந்தை ஒரு நுண்ணிய உறையில் இட்டு அளிக்கிறது. அந்த உறையின் தலை எத்தகையது, வால்நூல் எவ்வளவு நீளம், அதை ஏற்கும் பையின் அமைப்பு யாது என்பவை இனத்துக்கு இனம் மாறுபடும். வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரிபவை இங்கே வேறாகிவிடுகின்றன. நாவரம்பத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பற்களின் எண்ணிக்கையையும் முனைகளையும் பார்க்கிறார்கள். பின்பு பாதத்தின் சிறு துணுக்கிலிருந்து டி.என்.ஏ.-வைப் பிரித்து, குறிப்பிட்ட சில மரபணுக்களின் எழுத்து வரிசையை, அறியப்பட்ட பிற இனங்களின் வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். மரபணு ஒன்றே தீர்ப்புச் சொல்லிவிடாது. உடற்கூறும் வாழிடமும் அதே முடிவைத் தனித்தனியே சொல்லும்போதுதான் நிர்ணயம் உறுதிப்படுகிறது.

இவ்வளவுக்குப் பின்னும் மிகக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கும்: இதற்கு முன்னரே எவரேனும் பெயரிட்டுவிட்டார்களா? விலங்குப் பெயரிடலின் சர்வதேச விதிப்படி, முறையாக முதலில் இடப்பட்ட பெயருக்கே உரிமை. ஆகவே ஆராய்ச்சியாளர் நூறு இருநூறு ஆண்டுக்கு முந்தைய நூல்களைப் புரட்ட வேண்டும். லண்டன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் பெட்டியில் உறங்கும் மூல ஓடுகளைப் பார்வையிட வேண்டும். அந்த ஓட்டில் மரபுப்பொருள் எஞ்சியிராதபோது, அது முதலில் எடுக்கப்பட்ட இடத்துக்கே போய்ப் புதிய மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். எல்லாப் பழைய பெயர்களும் பொருந்தாதென்று தெளிந்த பின்னரே புதுப்பெயர் பிறக்கிறது. அப்போது ஒரே ஒரு மாதிரி மூல மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, பொது நிறுவனமொன்றில் என்றென்றைக்கும் பாதுகாக்கப்படும். எதிர்காலத்தில் ஐயம் எழும்போதெல்லாம் அந்தப் பெயருக்குச் சான்று அந்த ஒரு நத்தையே. இந்தியாவில் புதிய இனம் காண்பவர், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பரவல் சட்டப்படி அதனை உரிய காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். விலங்குகளைப் பொறுத்தமட்டில் 1916-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகமாக விளங்குகிறது.

நம் கரைக்கு இந்த மரபு புதிதன்று. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த கிரேவ்லி, சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகளையும் நத்தைகளையும் பற்றி 1941-லும் 1942-லும் எழுதிய ஏடுகள், ஆராய்ச்சி செய்யாத பொதுமக்களும் கையில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகத்தக்க வகையில் அமைந்தவை. அவ்வழியில் வந்த சத்தியமூர்த்தி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் மெல்லுடலிகளை 1952-லும் 1956-லும் விரிவாகப் பதிவு செய்தார். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலபரமேஸ்வர ராவும் கணபதியும், நம் மெய் லிம்பெட்டான செல்லானா ரேடியேட்டாவின் வாழ்க்கையை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார்கள். இவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு உரிய காலம் இது.

ஏனெனில் கரை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. மணல் போகிறது; கல் வருகிறது; கல்லோடு கல்லில் வாழும் உயிர்களும், முன்பு அவற்றுக்கு இடமே இல்லாதிருந்த நீண்ட மணல்வெளிகளில், படிக்கட்டில் ஏறுவதுபோல் ஒரு தடுப்பிலிருந்து மறு தடுப்புக்குப் பரவ வாய்ப்புப் பெறுகின்றன. எந்த இனம் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்பதைக் குறித்துவைக்காவிட்டால், எது நம் கரைக்கு உரியது, எது கப்பலடியில் ஒட்டியோ புதுக் கல்லை நாடியோ வந்தது, எது வெப்பம் மிகுந்ததால் மறைந்தது என்று பிற்காலத்தவரால் சொல்லவே இயலாது. இரண்டு இனங்களை ஒன்றென்று எண்ணிக்கொண்டிருப்பவர், அவற்றில் ஒன்று அழியும்போது, அழிவு நேர்ந்ததையே அறியமாட்டார். எஞ்சிய ஒன்றைக் காட்டி எல்லாம் நலமாக இருக்கிறதென்று உறுதி கூறுவார். பெயரிடுதல் அலங்காரமன்று, கணக்கெடுப்பின் முதல் வரி என்பதற்கு இதைவிட வலிமையான காரணம் வேண்டியதில்லை.

இந்தப் பணியில் பெரும்பகுதிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. டி.என்.ஏ. வரிசையைப் படிக்கவும் மூல மாதிரிகளை ஒப்பிடவும் பெரிய நிறுவனங்கள் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒரே கல்லை ஆண்டு முழுவதும், ஒவ்வொரு அமாவாசை பௌர்ணமி வற்றத்திலும் சென்று பார்த்து, படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதிவைக்கும் காரியத்தைக் கரையோரத்துப் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் செய்ய முடியும். கடலின் ஏற்ற வற்றத்தைப் பஞ்சாங்கம் பாராமலே அறிந்த மீனவ முதியோர் அவர்களுக்கு ஆசிரியர்களாக அமைய முடியும். கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை உள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர்க் கல்லுக்கென்று ஒரு பதிவேட்டை வைத்து, ஆண்டுக்கொருமுறை அதனை விலங்கியல் ஆய்வகத்தாருக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்புமானால், பத்தாண்டில் இந்தக் கரையைப் பற்றி நாடே பெற்றிராத ஓர் ஆவணம் நம் கையில் இருக்கும். அதிலிருந்து ஒரு புதிய சைபனேரியா பிறந்தாலும் பிறக்கலாம். பிறவாவிட்டாலும், தன் கரையில் வாழும் உயிர்களை இன்னது இன்னது என்று பிரித்தறியும் ஒரு தலைமுறை உருவாகியிருக்கும். அந்தத் தலைமுறையின் கையில் ஒப்படைக்கப்படும் கடற்கரையே பாதுகாப்பான கடற்கரை.